வாய்க்கு வந்த எண்

படிக்கட்டின் திருப்பத்தில் மண்டியிட்டு, சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே டேப்பை இழுத்துப் பிடித்தாள் குருவி. தையல்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் மஞ்சள் டேப். அண்ணனுடைய மெஷின் மேலிருந்து எடுத்து வந்தது. முப்பத்தோரு அங்குலம். இந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் வைத்தாலும் முப்பத்தோரு அங்குலம்தான். பதினெட்டு வருடமாகக் கயிறும் ஸ்ட்ரெச்சருமாகத் திரிகிற மீட்புப் படைக்காரிக்கு, படுத்திருக்கும் ஆளை இந்தத் திருப்பத்தில் திருப்ப முடியாது என்று அளக்காமலே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மாடியாக அளந்துகொண்டே இறங்கி, அளந்துகொண்டே ஏறினாள். காலையிலிருந்து கைக்கு ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது.

"நாற்காலில உக்கார வச்சுடலாம்," என்றான் அண்ணியின் தம்பி, நான்கு படி மேலே நின்றுகொண்டு. நல்லவன்தான். செய்தி தெரிந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தவன். "நெஞ்சுல ஒரு கட்டு, இடுப்புல ஒரு கட்டு. எட்டுப் பேரு மாத்தி மாத்திப் பிடிச்சா அரை மணி நேரத்துல கீழ போயிடலாம்."

"உடம்பு விறைச்சுப் போச்சு. இனிமே உக்காராது."

"கொஞ்சம் அழுத்தினா மடங்கும்னு சவ வண்டிக்காரர் சொல்றாரு. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானாம்."

நான்காவது மாடியில் கதவு திறந்தது. அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அவரை மடக்காதீங்க."

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அண்ணன் தண்ணீர் கேட்டார். அண்ணி டம்ளரோடு வருவதற்குள் போய்விட்டார். அதிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் இதுதான். டாக்டர் வந்து சான்றிதழ் எழுதியபோதும், சவ வண்டிக்கு யார் யாரோ போன் போட்டபோதும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னதையும் அழுகையோடு சொல்லவில்லை, கோபத்தோடும் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட துணியைக் கசக்காதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணியின் தம்பி குருவியைப் பார்த்தான். குருவி டேப்பைச் சுருட்டினாள்.

"ஜன்னல் வழியா இறக்கறேன். படுத்தபடியே."

"ஜன்னல் வழியாவா? தெருவே பாக்குமே."

"பாக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

குருவி என்பது அண்ணன் வைத்த பெயர். நாற்பத்திரண்டு வயதிலும் நாற்பத்தைந்து கிலோவைத் தாண்டாத உடம்பு அவளுக்கு. அண்ணன் நேர்மாறு. "நான் ஒன்பது வருஷம் முன்னாடி வந்தேன்ல, உன் பங்கையும் சேத்து அப்பவே தின்னுட்டேன்," என்பார். அவளுக்கு வேலை கிடைத்தபோது ஸ்டேஷனில் கொடுத்த சீருடைக்குள் அவளைப் போல இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம். மொத்தத்தையும் பிரித்து, வெட்டி, அவள் அளவுக்குத் தைத்துக் கொடுத்தது அவர்தான். இன்று வரை அவள் போடுகிற ஒவ்வொரு சீருடையும் அவர் கை பட்டதுதான்.

முழங்கால் இரண்டும் போன பிறகு அண்ணன் கீழே இறங்குவதை நிறுத்தினார். ஆறு வருடம் ஆகிறது. கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஜன்னலில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டி வைத்துக்கொண்டார். தைக்க வேண்டிய துணி கூடையில் மேலே வரும், தைத்த துணி கூடையில் கீழே போகும். "உனக்கும் கயிறு, எனக்கும் கயிறு. உனக்கு மட்டும் ஏன் மெடல் குடுக்கறாங்க?" என்று வம்புக்கு இழுப்பார். கூடைக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் பலருக்கு அவரைத் தெரியும். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு.

குருவி ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். அதிகாரி முழுவதையும் கேட்கக்கூட இல்லை.

"உன் அண்ணனா? எத்தனை பேரு வேணும்? அகல ஸ்ட்ரெச்சரை அனுப்பறேன். பயிற்சின்னு எழுதிக்கறேன், நீ ஒண்ணும் யோசிக்காதே."

அரை நிமிடம். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அரை நிமிட வேலை இது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொத்தான் தைத்துக்கொண்டே அண்ணன் கேட்டார். "குருவி, ஒரே ஒரு தடவை என்னைக் கீழ இறக்கி, திரும்ப ஏத்தி விடறியா? எதிர்ல இருக்கற சலூன்ல போய், அந்தச் சுத்தற நாற்காலில உக்காந்து முடி வெட்டிக்கணும். உங்க அண்ணி வெட்டி விடறா, பாரு, எலி கடிச்ச மாதிரி இருக்கு." கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்ததால் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இல்லை, அப்படி எடுத்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது.

"அதுக்கெல்லாம் விதிமுறை இருக்குண்ணே. மேல கேக்கணும். எடை எழுதிக் குடுக்கணும். எங்க சாமான் எல்லாம் இருநூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும்."

"இருநூறா?"

"இருநூறுக்குள்ள இருந்தா பாக்கலாம்."

"சரி," என்று சொல்லி அண்ணன் ஊசியில் நூல் கோத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இருநூறு என்பது எந்தக் காகிதத்திலும் இல்லாத எண். வாய்க்கு வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பருத்த மனிதரை வெள்ளத்திலிருந்து தூக்கினார்கள். திரும்பி வரும்போது வண்டியில் அவரைப் பற்றிக் கேலி பேசினார்கள், குருவியும் சேர்ந்து சிரித்தாள். அந்த வாய்களுக்கு அண்ணனைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணனுக்காக வெட்கப்பட்டேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது பொய். அவரைத் தன் அண்ணன் என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டாள். அதுதான் உண்மை.

பதினோரு மணிக்குப் படையினர் வந்து சேர்ந்தார்கள். அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன் நெட்டையன். பெயருக்கு ஏற்ற ஆள், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். தரையைப் பார்த்துக்கொள்ள மீசைக்காரர். இன்னும் நான்கு பேர். யாரும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. நெட்டையன் மட்டும் அவள் வண்டியிலிருந்து எடுத்த கயிற்றுப் பையை வாங்கி, "குடுங்கக்கா," என்றான். எப்போதும் அவள் பையை அவளே சுமப்பாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் நல்ல கனம். கயிறு கட்ட அதுவே போதும். கயிறு சுவர் விளிம்பு வழியாக அண்ணனுடைய ஜன்னலுக்கு இறங்கும். ஜன்னல் அகலமானது, தையலுக்கு வெளிச்சம் வேண்டுமென்று அண்ணன் கேட்டு வைத்தது. கம்பிச் சட்டத்தை இரண்டு பேர் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நெட்டையன் தரையில் தார்ப்பாயை விரித்துக் கருவிகளை எடுத்து வைத்தான். கயிற்றைப் பிடித்துப் பிடித்து விட்டு ஆளை இறக்குகிற கருவிகள், மூன்று வகை. ஒன்றுக்கு எட்டு என்று பெயர். எட்டு மாதிரியே இருக்கிற உலோக வளையம், கயிற்றை அதில் சுற்றி விட்டால் உரசிக்கொண்டே இறங்கும். கையை விட்டால் போச்சு. இன்னொன்று ஏணி. குறுக்குக் கம்பிகள் கொண்டது, எந்தப் பாரத்தையும் வழுக்கினாற்போல் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் எட்டும் சரி, ஏணியும் சரி, இறக்க மட்டும்தான். நடுவில் ஒரு அடி மேலே இழுக்க வேண்டுமென்றால், பாரத்தைத் தொங்கவிட்டுவிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்து மாற்ற வேண்டும். மூன்றாவது, கைப்பிடி. உள்ளே ஒரு சக்கரம், வெளியே ஒரு பிடி. கயிற்றை இழுத்தால் ஏறும், பிடியைத் திருகினால் இறங்கும், விட்டுவிட்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

"ஏணி போட்டுடலாம்," என்றான் நெட்டையன். "பாரம் எவ்வளவுன்னு தெரியலேன்னாலும் கவலை இல்ல."

"ஜன்னல் கட்டையைத் தாண்டணும். முதல்ல ஒரு அடி தூக்கித்தான் வெளிய எடுக்க முடியும். அப்புறம்தான் இறக்கணும்."

"அதுக்குத் தனியா ஒரு கப்பி போட்டுத் தூக்கி, பாரத்தை ஏணிக்கு மாத்திக்கலாம்."

"மாத்தறப்ப ஒரு குலுக்கு குலுக்கும்."

குலுங்கினால் இனி அவருக்கென்ன என்று நெட்டையன் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள்தான், வேறு எங்காவதாக இருந்தால். கொஞ்ச நேரம் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"ஒண்ணா, ரெண்டா அக்கா?"

படையில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். உயிரோடு இருப்பவருக்கு இரண்டு கயிறு. ஒன்று போனால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் ஒரு ஆளும் தொங்கிக்கொண்டே கூடப் போவார், பேச்சுக் கொடுக்க. உயிர் போனவருக்கு ஒரு கயிறு. கூட யாரும் கிடையாது.

"ரெண்டு," என்றாள் குருவி. "நான் கூடப் போறேன்."

நெட்டையன் தலையாட்டினான். எட்டையும் ஏணியையும் பைக்குள் போட்டுவிட்டு, கைப்பிடி இரண்டை எடுத்து வைத்தான். "அப்ப எடை தெரிஞ்சாகணுமே. கைப்பிடிக்கு அளவு இருக்கு."

"வா," என்று அவனையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். வெள்ளை விரிப்பு கழுத்து வரை இருந்தது. அண்ணி கட்டில் காலுக்கு அருகே உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்கத்தான் குருவி வந்திருந்தாள்.

"அண்ணி... அண்ணன் எடை எவ்வளவு இருக்கும்? குத்துமதிப்பாச் சொன்னாப் போதும்."

அண்ணி எழுந்தாள். துணி அலமாரியின் ஒரு கதவைத் திறந்து, அதன் உள்பக்கத்தைக் காட்டினாள்.

துணியில் கோடு போடுகிற சாக்கட்டி எழுத்து. மேலிருந்து கீழாக வரிசையாகக் கூட்டல்கள். முதல் வரி: 121 + 117 = 238. பக்கத்தில் தேதி. குருவி அந்தத் தேதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். அண்ணன் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

"எடை பாக்கற மெஷின் ரெண்டு வாங்க வச்சாரு," என்றாள் அண்ணி. "ஒரு மெஷின்ல அவரு எடை நிக்காது. அதனால இதுல ஒரு கால், அதுல ஒரு கால். ரெண்டையும் நான் குனிஞ்சு படிக்கணும், அவரு கூட்டி எழுதுவாரு. மாசா மாசம்."

235. 231. 232. 228. எண்கள் கஞ்சத்தனமாக இறங்கிக்கொண்டே வந்தன. நடுவில் ஒரு இடத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தது. பக்கத்தில் 'கேக்' என்று எழுதியிருந்தது. அது குருவியின் பிறந்தநாளுக்கு அவளே வாங்கி வந்த கேக். இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு துண்டு என்று அவளேதான் ஊட்டினாள்.

கடைசி வரி போன மாதம். 107 + 105 = 212. அதற்குக் கீழே நிறைய இடம் விட்டு, அடியில் 200 என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தார்.

"சர்க்கரையை விட்டாரு. ராத்திரி வெறும் வெள்ளரிக்காய்தான். ஏன் இப்படி உடம்பை வருத்திக்கறீங்கன்னு கேட்டா, சலூனுக்குப் போகணும்பாரு. கயிறு இருநூறுதான் தாங்குமாம், குருவி சொல்லியிருக்காம்பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நானும்தான் சொன்னேன். பாதியில சொன்னா மதிப்பில்ல, இருநூறைத் தொட்டதும் சொல்லி அவளை அசத்தணும்னாரு." அண்ணி கதவை மூடவில்லை. "இன்னும் பன்னண்டு கிலோ."

நெட்டையனுக்கு இதில் பாதி புரியவில்லை. அவன் கதவில் இருந்த கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் போக்கில் வாய்விட்டுக் கணக்குப் போட்டான். "இருநூத்திப் பன்னண்டு. ஸ்ட்ரெச்சர் பதினாலு. நீங்க சாமானோட அம்பது. இருநூத்தி எழுபத்தாறு. பரவால்லக்கா, கைப்பிடி இருநூத்தி எண்பது தாங்கும். நாலு கிலோ மிச்சம். உங்களைத் தவிர வேற யாரு தொங்கினாலும் தாண்டிடும்."

மொட்டைமாடியில் யாரோ நடக்கும் சத்தம் மட்டும் கூரை வழியே கேட்டது.

"எவ்வளவு தாங்கும்னு சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

நெட்டையன் அண்ணியைப் பார்த்தான். கதவின் அடியில் இருந்த 200-ஐப் பார்த்தான். பிறகு குருவியின் முகத்தைப் பார்த்தான். அவன் மந்தபுத்திக்காரன் அல்ல.

"இது புதுசும்மா," என்றான். "போன மாசம்தான் வந்துச்சு. முன்னாடி இருந்ததெல்லாம் இருநூறுதான். அதுக்கு மேல தாங்காது."

குருவி தரையைப் பார்த்தாள். மேலிருந்து அவன் கையோடு எடுத்து வந்திருந்த கைப்பிடியின் பக்கவாட்டில் வண்ணம் உரிந்து, உலோகம் பளபளத்தது. நான்கு வருடப் பழக்கம் அது. அவளே எத்தனை தடவை எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "மேல எல்லாம் ரெடி பண்ணு," என்று நெட்டையனிடம் சொன்னாள்.

அண்ணி கட்டிலருகே போனாள். தலையணையை ஒரு முறை தட்டிச் சரிசெய்தாள்.

அண்ணனை அகல ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற ஏழு பேர் தேவைப்பட்டார்கள். நெஞ்சு, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று பட்டைகளைப் பூட்டினாள். ஒவ்வொரு பட்டைக்கும் உள்ளே இரண்டு விரல் விட்டு இறுக்கம் பார்த்தாள். மூச்சு விட இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. பழக்கத்தில் செய்துவிட்டு, கடைசிப் பட்டையில் விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தன் இடுப்புக் கயிற்றை ஸ்ட்ரெச்சரோடு மாட்டினாள். காதில் கருவியும் வாயருகே மைக்கும் இருந்தன. அவள் சொல்வது மொட்டைமாடிக்கும் தெருவுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

"ஏத்து."

மேலே நான்கு பேர் இழுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் தரையை விட்டு எழுந்தது. ஒரு சாண், இரண்டு சாண். ஜன்னல் கட்டைக்கு மேலே வந்ததும் "நில்லு" என்றாள். கைப்பிடி பூட்டிக்கொண்டது. அறையில் இருந்தவர்கள் மெதுவாகத் தள்ள, அண்ணன் காலை முன்னால் நீட்டியபடி ஆறு வருடம் கழித்து வீட்டுக்கு வெளியே வந்தார். குருவி பக்கத்தில் தொங்கினாள். ஒரு குலுக்கல் இல்லை.

"இறக்கு. மெதுவா."

நெட்டையனின் கை நல்ல கை. சுவர் அவர்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் மேலே போயிற்று. நல்ல வெயில். விரிப்பு காற்றில் லேசாக உப்பியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரோடு இப்படித் தொங்கியிருக்கிறாள். என்ன பேச வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, வார்த்தைகள் தாமாக வந்துவிடும். இப்போதும் வந்துவிட்டன.

"கீழ பாக்காதீங்கண்ணே. என்னையே பாருங்க. நான் இருக்கேன்ல? பயப்படாதீங்க. இன்னும் கொஞ்சம்தான்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். கயிறு அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் மூடிய கண்ணைப் பார்த்தாள். பேச்சை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"வலிக்குதாண்ணே?" என்றாள், இந்தத் தடவை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு பெண்மணி கைகட்டி நின்றிருந்தார். பள்ளிக்கூட டீச்சர். ஆறு வருடமாகக் கூடையில் துணி அனுப்பிய வாடிக்கையாளர், அண்ணனை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் லேசாகத் தலை குனிந்தார்.

இரண்டாவது மாடியில் ஏசி பெட்டியின் மூலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரின் ஓரம் அதில் போய் உட்காரப் பார்த்தது.

"நில்லு. ஏத்து, ஒரு சாண்."

ஏறியது. அவள் காலால் சுவரை உதைத்து ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளினாள்.

"இறக்கு."

இறங்கியது. ஏணியாக இருந்திருந்தால் இந்த ஒரு சாணுக்கு அண்ணன் கால் மணி நேரம் அந்தரத்தில் தொங்கியிருப்பார், தெரு முழுக்க வேடிக்கை பார்த்திருக்கும். தெருவில் கூட்டம் சேர்ந்துதான் இருந்தது. கைகளில் போன்கள் உயர்ந்திருந்தன. மீசைக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, ஒன்றும் சொல்லாமல், போன் உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய மீசைக்கு இப்படியும் சில உபயோகங்கள் உண்டு. எதிரே சலூன் கதவு திறந்திருந்தது. சுற்றுகிற நாற்காலியில் யாரோ கழுத்தைச் சுற்றித் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். குருவி அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே தொட்டதும் "இறங்கியாச்சு" என்று படையில் சொல்வதில்லை. எப்போதோ ஒரு பாலத்தடியில், கரகரத்த வாக்கி-டாக்கியில் "இறங்கிட்டாரு" என்றது "இறந்துட்டாரு" என்று கேட்டு, மேலே நின்ற அவருடைய மனைவி மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து வேறு சொல்தான்.

"தரை," என்றார் மீசைக்காரர்.

"எத்தனை நிமிஷம்?" என்று மேலேயிருந்து நெட்டையனின் குரல் கேட்டது. பதிவேட்டுக்கு வேண்டும்.

"ஒன்பது."

அண்ணி படிக்கட்டு வழியாக இறங்கி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். தோளில் ஒரு கைப்பை இருந்தது. அவள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதுக்குள்ளயா?" என்றாள். "அவ்வளவுதானா குருவி?"

குருவி ஸ்ட்ரெச்சரோடு பூட்டியிருந்த கொக்கியைக் கழற்றக் குனிந்தாள். கையுறையைக் கழற்றாமல் முயன்றதால் மூன்று தடவை வழுக்கியது.

வண்டிக்குள் ஏற்ற எட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். அண்ணியின் தம்பி முன்னால் நின்று "பாத்து, பாத்து" என்றான். அண்ணன் படுத்தபடியே உள்ளே போனார். அண்ணி ஏறி, ஓரமாக இருந்த, இரண்டு பேர் உட்காரும் பலகை இருக்கையில் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்தில் வைத்தாள். வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு குருவி தெருவில் நின்றாள். தலைக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை.

நெட்டையன் சொன்னதை அப்படியே விட்டுவிடலாம். யாரும் தோண்டப் போவதில்லை. அண்ணிக்கும் அது ஆறுதலாக இருக்கும், பழைய கருவி தாங்காது, என்ன செய்வது, விதி என்று. அப்படி விட்டுவிட்டால் பன்னிரண்டு கிலோ என்பது அண்ணனுடைய குறையாக ஆகிவிடும். வெள்ளரிக்காய் தின்றது போதாது என்று ஆகிவிடும்.

"அண்ணி."

அண்ணி திரும்பினாள்.

"அந்தக் கைப்பிடி புதுசு இல்ல. நாலு வருஷமா ஸ்டேஷன்ல இருக்கு. அண்ணன் கேட்டப்பவே இருந்துச்சு. இருநூறுன்னு நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அண்ணி விரிப்பின் ஓரத்தைக் கணவரின் காலுக்கு அடியில் செருகினாள். ஒரு பக்கம் செருகி முடித்து, மறுபக்கமும் செருகினாள்.

"தெரியும்," என்றாள். "அந்த நெட்டைத் தம்பி சொல்றப்ப நீ தரையப் பாத்துக்கிட்டு நின்னே."

ஓட்டுநர் முன்னாலிருந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"கூட யாரு வர்றீங்க? கதவைச் சாத்தணும்."

குருவி கதவைப் பிடித்தபடியே நின்றாள். ஏறுவதற்குக் கால் வரவில்லை, கதவை விடுவதற்குக் கையும் வரவில்லை. ஓட்டுநர் இன்ஜினைப் போட்டார்.

அண்ணி கொஞ்ச நேரம் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.